ஒன்பதுக்குள் இரண்டு மூன்றுகள்

பாப்பா,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கிற இடத்தில் நான் இருக்கமாட்டேன். அது தற்செயல் இல்லை, யோசித்துச் செய்ததுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி எனக்குத் தெரியும், கணக்குப் புத்தகத்திலும் நீ முதலில் பிரிப்பது விடைப் பக்கத்தைத்தான். உன் அப்பா முறுக்கு டின்னோடு சேர்த்து இதை உன் ஹாஸ்டல் வாசலில் கொடுத்திருப்பார். உறை ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள். அவர் பிரிக்கிற ஆளில்லை. இருந்தாலும் பார்.

நம் வீட்டில் எல்லாரும் நடுங்கிய வாக்கியம் ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? "சரி, நீ சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம்." நான் இதைச் சொன்னால் நீ அப்பாவைப் பார்ப்பாய், அப்பா கூரையைப் பார்ப்பார். "உங்கம்மா திட்டினா நின்னுக்கோ, உண்மைன்னு ஒத்துக்கிட்டா ஓடிடு" என்று அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என் காதில் விழாமல் இல்லை. சிறப்பு வகுப்பு இருந்தது என்று நீ சொன்ன அன்று நான் அடிக்கவில்லை, கத்தவில்லை. உண்மைன்னே வெச்சுக்குவோம் என்றேன். அப்படியானால் வகுப்பறை திறந்திருந்தது. திறந்திருந்தால் சாவியை வாட்ச்மேன் கொடுத்திருக்க வேண்டும். வாட்ச்மேன் அன்று செங்கம் சந்தையில் என் பக்கத்தில் நின்று கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குமேல் நான் பேசவில்லை, நீயாக அழுதாய். உரக்கடையிலிருந்து நேராக வருகிறேன் என்று சொன்ன அப்பாவையும் இப்படித்தான் பஜ்ஜிக் கடைவரை கொண்டுபோய் நிறுத்தினேன். "ஆமா, தின்னேன். இப்ப இன்னா டீச்சரம்மா, அது திரும்பி வெளிய வருமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மெல்லப் போய்விட்டார். அவரை எந்தக் கணக்கிலும் மடக்க முடியாது.

இந்த வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒருமுறை கேட்டாய். "அம்மா, உனக்கு மட்டும் ஏன் எல்லாமே பொய்யிலேந்து ஆரம்பிக்குது?" என்றாய். தப்பு. என் கணக்கு எப்போதும் மெய் என்று ஒத்துக்கொள்வதில்தான் ஆரம்பிக்கும், போய் முடிகிற இடம்தான் வேறு. மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சென்ற வருடம் ஓய்வு பெறும்வரை நான் நடத்திய பாடங்களில் எனக்கு உயிரான பாடம் பகா எண்களின் வர்க்கமூலம். மூன்றை எடுத்துக்கொள். எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மூன்று வரும்? ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. எவ்வளவு கம்மி? அதைச் சரியான ஒரு பின்னமாக எழுதிக் காட்டு என்றால் யாராலும் முடியாது. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பது வேறு. இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வது வேறு. அதை எப்படிச் சொல்வது? இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதுதான் வழி. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், பொதுவாக வகுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் சுருக்கி வைத்த பின்னம், அதுதான் வர்க்கமூலம் மூன்று என்றே வைத்துக்கொள். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்து. மேலெண்ணின் வர்க்கத்தை மூன்று வகுக்கிறது, ஆகவே மேலெண்ணையும் வகுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் கீழெண்ணையும் மூன்று வகுக்கிறது என்று வந்து நிற்கும். "இன்னாப்பா, பொதுவா ஒண்ணுமே இல்லன்னு இப்பத்தானே சொன்ன?" என்று கேட்டுவிட்டு நான் சாக்பீஸைக் கீழே வைப்பேன். பொய் தன் காலிலேயே இடறி விழுகிற சத்தம் எனக்கு அந்த இடத்தில் கேட்கும்.

நீ இதை நம்பியதே இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்கக் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தாய். 1.732 போட்டாய், கொஞ்சம் குறைந்தது. 1.7321 போட்டாய், கொஞ்சம் மிஞ்சியது. இடையில் ஒரு இலக்கம், அதற்கும் இடையில் இன்னொரு இலக்கம். "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே சோறு ஆறும்வரை போட்டாய். வராதுடி என்று எத்தனையோ முறை சொன்னேன். நீ என்னை ஒரு எதிரியைப் போல நிமிர்ந்து பார்த்தாய். அப்போது சிரித்தேன். இந்த வாரம் அந்தப் பார்வை அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

பிள்ளைகளைப் பிடிக்க நான் வருடாவருடம் ஒரு பொறி வைப்பேன். தேர்வுத் தாளில் மூன்றுக்குப் பதிலாக ஒன்பது என்று மாற்றிவிடுவேன். வர்க்கமூலம் ஒன்பதைப் பின்னமாக எழுத முடியாது என்று காட்டுக. ஒன்பதின் மூலம் மூன்று என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மனப்பாடம் செய்தவன் என்ன செய்வான்? மூன்று வந்த இடமெல்லாம் ஒன்பதைப் போட்டு அழகான கையெழுத்தில் நிரூபித்துவிட்டு அடிக்கோடும் இழுத்துவிடுவான். வகுப்பில் பாதிப் பேர் விழுவார்கள். எங்கே தப்பு என்று கேட்டால் முழிப்பார்கள். தப்பு ஒரே ஒரு வரியில். வர்க்கத்தை வகுத்தால் மூலத்தையும் வகுக்கும் என்பது பகா எண்ணுக்கு எப்போதும் செல்லும். ஒன்பதுக்குச் செல்லாது. முப்பத்தாறை ஒன்பது வகுக்கும், ஆறை வகுக்குமா? ஒன்பது ஒரே ஆள் இல்லை, உள்ளே இரண்டு மூன்றுகள். இந்த ஆறிலிருந்து ஒரு மூன்றும் அந்த ஆறிலிருந்து ஒரு மூன்றும் வந்து சேர்ந்துதான் முப்பத்தாறுக்குள் ஒன்பது உண்டாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஆறிலும் ஒன்பது இல்லை. இதைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி கதிரிடம் வருகிறேன். உன் நிச்சயதார்த்தத்தன்று அவனைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இந்தப் பையன் ஏன் இவ்வளவு பணிவாக இருக்கிறான் என்பதுதான். சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், மலைமேல் பாதிப் பேர் கிணற்று மோட்டார் அவன் கையில். இருந்தும் காபி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் போட்டிருந்த நிபந்தனை உனக்குத் தெரியும். ஜாதி கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறினால் நான் உன்னைப் பார்க்கும் தூரத்தில் நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க தம்பி இருப்பீங்க?" என்று கேட்டேன். "காவலூர்லயேதாங்க அத்தை. வூடு பாத்தாச்சுங்க. மாடி வூடு" என்றான். வாசல் எந்தப் பக்கம் என்றேன். உன்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிழக்கு என்றான். சமையல்கட்டு? "பின்னாடிங்க. பெரிய ஜன்னலு. காலைல வெயிலு நேரா அடுப்பு மேல வுழும். உங்க பொண்ணு குளிர்காலத்துல வெயில்ல நின்னுக்கினே காபி போடலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசல் கிழக்கு என்றால் பின்பக்கம் மேற்கு. மேற்கு ஜன்னலில் காலை வெயில் எப்படி விழும்? அங்கேயே பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பையன் கணக்கை முழுதாக எழுதி முடிக்கட்டும், அப்புறம் சிவப்பு மையை எடுக்கலாம் என்று தாம்பூலத் தட்டை மாற்றினேன். அதற்குப் பிறகு பந்தலுக்குச் சொல்லி, ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, உன்னோடு போனில் புடவை நிறம் பேசிய நாளெல்லாம் அந்த வெயில் என் தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை, பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காவலூருக்குப் பஸ் ஏறினேன். ஆமாம், பொய்தான். அவர் உண்மைன்னே வைத்துக்கொள்ளத் தெரியாதவர், குடை எடுத்துக்கொள் என்றார். வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்தது. சாமை விளைந்து நின்ற காடெல்லாம் ஜன்னலில் ஓடியது, எதையும் பார்க்கிற மனது இல்லை. இறங்கின இடத்தில் டீக்கடை வைத்திருந்த பெண்ணிடம் மோட்டார் கடை கதிரைத் தெரியுமா என்றேன். "தெரியாமலாங்க? ஆனா அவரு கடையக் காலி பண்றாருங்களே. மாசக் கடைசில ஊர வுட்டே போறாராம்" என்றாள். மாடி வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார்களே என்று இழுத்தேன். "இங்க இன்னா மாடி வூடு காலியா இருக்குது? எனக்குத் தெரியாம?" என்று அவள் என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். குடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். ஆனால் உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை, அதனால் இதையும் சொல்கிறேன். அந்தப் பதற்றத்துக்கு நடுவில் மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. விடை சரியாக வந்துவிட்ட சந்தோஷம். பெற்ற மகள் கல்யாணம் உடையப் போகிறது, எனக்கு விடை சரியாக வந்த சந்தோஷம். தூ!

ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கதிர் செம்புக் கம்பி உருளைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான், கையெல்லாம் வார்னிஷ் கறுப்பு. "வாங்க அத்தை" என்று எழுந்தான். நான் உட்காரக்கூட இல்லை. "கெழக்கு பாத்த வூட்டுல பின்கட்டுக்குக் காலைல வெயில் எப்டி வரும் தம்பி?" என்றேன். கையிலிருந்த உருளையைப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு, "அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றான். அன்றைக்கே என்றேன். "அப்ப ஏங்க அத்தை அன்னிக்கே கேக்கல?" என்றான். திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதிலுக்கு, மாடி வீடு எங்கே என்றேன்.

போனை எடுத்துக் காட்டினான். வீடு இருக்கிறது. ஆனால் புனேயில். "வாசல் மேக்கங்க. மேக்கு பாத்த வூடுன்னா நீங்க மூஞ்சி சுளிப்பீங்கன்னு கெழக்குன்னு சொல்லிட்டேன். வெயிலு மட்டும் நெசங்க, பாருங்க" என்று சமையல்கட்டுப் படத்தைப் பெரிதாக்கினான். அடுப்பு மேடையில் வெயில் கிடந்தது. அதன் பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். ஹாஸ்டல் தோழி கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்ன அதே சுடிதாரில் நின்றுகொண்டிருந்தாய். "அவளுக்கு அங்க பெரிய லேப்ல வேல கெடச்சிருக்குதுங்க. முன்னாடியே சொன்னா அம்மா இந்தக் கல்யாணத்த நிறுத்திடும்னு அழுதா. வேணாம், சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அப்புறம் அவ அழுகைய பாத்துட்டு சரின்னுட்டேன். பொய் சொன்ன வாயி என்துதாங்க, அவள எதுவும் கேக்காதீங்க" என்றான். கடையை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வாய் என்றேன். "மோட்டாரு எல்லா ஊர்லயும் எரியும்ங்க" என்றான்.

நான் இளகவில்லை. இதையும் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்து வைத்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அதனால் ஒரு பொறி வைத்தேன். "சரி தம்பி. நான் இங்க வந்தத அவகிட்ட சொல்லாத. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன், குரலைக் கனிவாக வைத்துக்கொண்டு. சரி என்று சொன்னால் உன்னிடம் மறைக்கத் துணிந்தவன். முடியாது என்றால் என் பேச்சை மதிக்காதவன். எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவான். அவன் கந்தல் துணியில் கையைத் துடைத்தான், துடைத்தான், அப்படித் துடைத்தான். "அது முடியாதுங்க அத்தை. உங்ககிட்ட மறைச்சதே தொண்டையில நிக்குது. அவகிட்டயும் மறைச்சா நான் எங்கங்க போவேன்? ஆனா நான் சொல்லி அவ தெரிஞ்சிக்கறதவிட நீங்க சொன்னா நல்லது. ஞாயித்துக்கெழம வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்றான். பார்த்தாயா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கெடு வைத்தவளுக்கு மாப்பிள்ளை கெடு வைக்கிறான். பஸ் வரும்வரை என்கூடவே நின்றான். நான் போனதும் உனக்குப் போன் போடத்தான் நிற்கிறான் என்று நினைத்து, பஸ் வளைவில் திரும்பும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கை பாக்கெட்டுக்குப் போகவில்லை. வளைவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

பஸ் மலை இறங்கத் தொடங்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். பேச்சில் பொய் இருக்கிறது, ஆகவே ஆளிலும் பொய் இருக்கிறது, ஆகவே கல்யாணம் இல்லை. போய் அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பாதி மலை இறங்கியபோது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தேன், இந்த முறை வளைவினால் இல்லை. ஆகவே, ஆகவே என்று நான் தாண்டிய இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடு இழுத்துவிட்டு வகுப்பில் பாதிப் பேர் விழுகிற அதே இடம். வர்க்கத்தில் இருப்பது மூலத்திலும் இருக்கும் என்று சொல்ல, அது பகா எண்ணாக இருக்க வேண்டும், பிரிக்க முடியாத ஒரே ஆளாக இருக்க வேண்டும். இந்தப் பொய் அப்படியா? அவனிடமிருந்து ஒரு மூன்று, உன்னிடமிருந்து ஒரு மூன்று. அவன் உன் அழுகைக்காகச் சொன்னான், நீ என்மேல் உள்ள பயத்தில் சொல்லவைத்தாய். சேர்ந்தால் ஒன்பது, பிரித்தால் இரண்டு பேரிடமும் ஒன்பது இல்லை. என் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்த பொறியில் நானே காலை விட்டிருக்கிறேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "வாந்தி வருதாம்மா?" என்றான். ஆமாம் என்றேன்.

நீ தூரமாய்ப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, பாப்பா. எனக்கு வயதாகிறது, அப்பாவுக்கு அதைவிட. ஆனால் நீ தூரம் போவதைவிட, அதை என்னிடம் சொல்ல முடியாது என்று நீ அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை. சிறப்பு வகுப்புக்கு அன்று அழுதாயே, அதே அழுகையைத்தான் அந்தப் பையனிடமும் அழுதிருக்கிறாய். கல்யாணம் நடக்கும். புனேக்குப் போ. மேற்கு வாசலுக்கு நான் மூஞ்சி சுளிக்கத்தான் செய்வேன், அதைக் கண்டுகொள்ளாதே. பால் பாக்கெட்டைத் தேதி பார்த்து வாங்கு, வீட்டுக்காரர் காட்டுகிற தண்ணீர்க் குழாயை நீயே ஒருமுறை திறந்து பார், லேபில் யாராவது காரணமில்லாமல் புகழ்ந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார். சந்தேகம் அங்கெல்லாம் வேண்டும். ஆனால் அவன் நேரம் கழித்து வந்தால், உண்மைன்னே வெச்சுக்குவோம் என்று என்னைப்போல் ஆரம்பிக்காதே. ஏன் லேட்டு என்று நேராகக் கேள். அல்லது சாப்பிட்டியா என்று கேள். என் வழியில் போனால் முரண்பாடு வந்தால் பொய் என்று தெரியும், வராவிட்டால் ஒன்றுமே தெரியாது. ஒரு மனுஷன் நல்லவன் என்று இந்த வழியில் நிரூபிக்கவே முடியாது. அடுத்த இலக்கம், அதற்கடுத்த இலக்கம் என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அன்று நீ கால்குலேட்டரோடு உட்கார்ந்ததற்குச் சிரித்தேனே, நானும் அதையேதான் வேறு ஆட்களை வைத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பந்தக்கால் நட நீ வந்துவிடுவாய். வந்ததும், அம்மா நான் புனே போறேன் என்று நீயே சொல். விடை எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உன் வாயால் வேண்டும்.

இப்போது கடைசிப் பக்கத்துக்கு வா. இதை எழுதத் தொடங்கியபோது, சனிக்கிழமை உன் கையில் கொடுத்துவிட்டு உள்வாசலில் நின்று உன் முகத்தைப் பார்ப்பதாகத்தான் இருந்தேன். நீ திடுக்கிட்டால் கதிர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன். திடுக்கிடாவிட்டால் வளைவு தாண்டியதும் போனை எடுத்தவன். ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால்தான் நாளை காலையே அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். டின்னைக் கொடுத்ததும் நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும்படி சொல்லியிருக்கிறேன். "இன்னா டீச்சரம்மா, பதில் வாங்கிக்கினு வர வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே, அவன் உன்னிடம் முன்பே சொன்னானா இல்லையா என்பது இனி உனக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம் சொல்லாதே. நான் கேட்பேன். கோயிலில் வைத்துக் கேட்பேன், நலங்கு வைக்கும்போது காதில் கேட்பேன், புனேக்கு ரயில் ஏற்றும்போதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். அப்போதும் சொல்லாதே.